உள்ளூரில் விலைபோகாத மாடு

2013 ஜூலை 12, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் 'பசிபிக் ரிம்' வெளியானது. கடலுக்கடியிலிருந்து கிளம்பி வரும் ராட்சத மிருகங்களோடு, இரண்டு பேர் உள்ளே நின்று இயக்கும் ராட்சத இயந்திர மனிதர்கள் மோதும் கதை. இயக்கியவர் கியெர்மோ டெல் டோரோ. செலவு சுமார் 19 கோடி டாலர். 3,000-க்கும் அதிகமான தியேட்டர்களில் திரையிட்டும் அந்த வார இறுதியில் வந்தது 3.7 கோடி டாலர்தான். மூன்றாம் இடம்.

முதலிடத்தில் இருந்தது, இரண்டாவது வாரமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகம். அதற்கடுத்து ஆடம் சாண்ட்லர் நடித்த ஒரு நகைச்சுவைப் படத்தின் இரண்டாம் பாகம். முதல் மூன்றில், பெயருக்குப் பின்னால் '2' போடாத ஒரே படம் இதுதான்.

அந்த மாதக் கடைசியில் அதே படம் சீனாவுக்குப் போனது. முதல் வாரத்திலேயே 4.5 கோடி டாலர். ஓட்டம் முடிந்தபோது கணக்கு இப்படி நின்றது: உள்நாட்டில் 10.2 கோடி, சீனாவில் மட்டும் 11.2 கோடி, உலகம் முழுக்க 41.1 கோடி டாலர்.

உள்ளூரில் விலைபோகாத மாடு வெளியூரில் விலைபோகுமா என்று கேட்பார்கள். இங்கே போயிருக்கிறது. ஏன் போனது? போனதால் மாட்டுக்காரர் கையில் காசு மிஞ்சியதா? இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான செய்திகள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஹாலிவுட் கணக்கில் 'உள்நாடு' என்றால் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்தது. (கனடாக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ தெரியாது. வசூல் பட்டியலில் அவர்களுக்குத் தனி நாடு கிடையாது.) மற்ற எல்லாம் வெளிநாடு. 'ஒரிஜினல் படம்' என்றால் நாவல், காமிக்ஸ், வீடியோ கேம், பழைய படம் என எதிலிருந்தும் எடுக்காமல் திரைக்கென்றே எழுதிய புதுக்கதை. நல்ல படமா, கெட்ட படமா என்பதற்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை.

சரி, புதுக்கதை ஏன் உள்நாட்டில் திணறுகிறது?

பெயர் தெரியாததுதான் முதல் காரணம், மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள். பெரிய படம் வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே ஸ்டூடியோக்கள் சர்வே எடுக்கும். தொழிலில் இதற்கு 'டிராக்கிங்' என்று பெயர். கேள்விகள் எளிமையானவை. அடுத்து வரப்போகும் படங்களில் எதெல்லாம் உங்களுக்கு நினைவுக்கு வருகிறது? இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கட்டாயம் பார்ப்பீர்களா? ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் நான்காம் பாகம் முதல் கேள்வியிலேயே தேறிவிடும். அதன் விளம்பரத்துக்கு மிஞ்சியிருப்பது ஒரே வேலை: எந்தத் தேதியில் வருகிறது என்று சொல்வது. புதுக்கதைப் படத்தின் விளம்பரமோ, இது என்ன உலகம், யார் இவர்கள், நான் ஏன் அக்கறைப்பட வேண்டும் என்பதையெல்லாம் இரண்டரை நிமிட ட்ரெய்லரில் சொல்லியாக வேண்டும். பெரிய படமொன்றின் விளம்பரச் செலவு 10 கோடி டாலரைத் தொடுவது சாதாரணம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி அறிமுகப் படலத்திலேயே கரைந்துவிடும்.

பெயர்ச் சிக்கல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2014-இல் வந்த 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' நல்ல உதாரணம். கறாராகச் சொன்னால் அது ஒரிஜினல் இல்லை, ஒரு ஜப்பானிய நாவலிலிருந்து எடுத்தது. ஆனால் அமெரிக்கப் பார்வையாளருக்கு அந்த நாவலும் தெரியாது, தலைப்பிலிருந்து கதையை ஊகிக்கவும் முடியாது. டாம் குரூஸ் நடித்து, 17 கோடி டாலருக்கும் மேல் செலவழித்த படம். அதே வெள்ளிக்கிழமை வந்த, வெறும் 1.2 கோடி டாலரில் எடுத்த ஒரு காதல் படம் முதல் வார இறுதியில் 4.8 கோடி வசூலிக்க, இது 2.9 கோடியில் நின்றது. அந்தக் காதல் படத்தின் மூலநாவலைப் பதின்வயதினர் ஏற்கெனவே லட்சக்கணக்கில் படித்திருந்தார்கள். பின்னால் 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' டிஸ்க்காக வந்தபோது அட்டையில் படத்தின் பெயர் சிறுத்துப்போய், 'வாழ், சாகு, திரும்பச் செய்' என்ற பொருள்படும் விளம்பர வாசகம் பெரிதாக உட்கார்ந்திருந்தது. ஸ்டூடியோவே தலைப்பைக் கைவிட்ட மாதிரிதான். அந்தப் படமும் உள்நாட்டில் 10 கோடி, உலகம் முழுக்க 37 கோடி.

அறிமுகத்துக்கு நேரம் பிடிக்கும், ஆனால் உள்நாட்டுத் தியேட்டர்கள் நேரம் தருவதில்லை. முதல் மூன்று நாள் வசூலைப் பார்த்துத்தான் அடுத்த வாரத்துக்கான திரைகளும் காட்சிகளும் முடிவாகின்றன. கோடையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பெரிய படம் வந்து இறங்கும். பார்த்தவர்கள் பத்துப் பேரிடம் சொல்லி, அந்தப் பத்துப் பேர் கிளம்புவதற்குள் பெரிய திரையைப் பிடுங்கி அடுத்த படத்துக்குக் கொடுத்திருப்பார்கள். சினிமாஸ்கோர் என்றொரு நிறுவனம் முதல் நாளன்று படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் வாங்கும். 'பசிபிக் ரிம்' வாங்கியது ஏ மைனஸ். உள்ளே போனவர்களுக்குப் படம் பிடித்திருந்தது. உள்ளே போகத்தான் ஆள் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, வெளிநாட்டு ரசிகர்கள் புதுமை விரும்பிகள், அமெரிக்கர்கள் அரைத்த மாவையே அரைக்கச் சொல்கிறவர்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படி நம்பியவன்தான். 2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வசூலில் முதல் 10 இடம் பிடித்த படங்களில் ஒன்றுகூடப் புதுக்கதை இல்லை. உலக வசூல் பட்டியலின் முதல் பத்திலும் இல்லை. தெரிந்த பெயரைத் தேடிப் போகிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. வித்தியாசம் ஆசையில் இல்லை, சூழ்நிலையில் இருக்கிறது.

எப்படி என்றால், பெரிய புதுக்கதைப் படம் பெரும்பாலும் காட்சிப் பிரம்மாண்டத்தை நம்பி எடுத்ததாக இருக்கும். நகரம் சரிவது, விண்கலம் வெடிப்பது, மிருகம் எழுவது இவற்றுக்கு டப்பிங் தேவையில்லை. நகைச்சுவைக்குத் தேவை. டப்பிங் செய்தாலும் பாதி சிரிப்பு வழியிலேயே செத்துவிடும். வில் ஃபெரல் நடித்து 2004-இல் வந்த 'ஆங்கர்மேன்' உள்நாட்டில் 8.5 கோடி டாலர் வசூலித்தது. மற்ற எல்லா நாடுகளிலும் சேர்த்து அரைக் கோடியைச் சற்றே தாண்டியது. எழுபதுகளின் அமெரிக்க உள்ளூர் டிவி செய்தி வாசிப்பாளரைக் கேலி செய்யும் படத்துக்கு வேறெங்கே சிரிப்பார்கள்? ரோலண்ட் எம்மெரிக்கின் '2012' படத்தில் உலகமே அழிகிறது. 20 கோடி செலவு, உள்நாட்டில் 16.6 கோடி, உலகம் முழுக்க சுமார் 79 கோடி. உலகம் அழிவது எல்லோருக்கும் புரிகிறது.

நடிகர் இன்னொரு காரணம். அமெரிக்காவில் இப்போது ஒரு நடிகரின் முகத்துக்காக மட்டும் தியேட்டருக்குப் போவது குறைந்துவிட்டது. அங்கே கதாபாத்திரம்தான் நட்சத்திரம், உள்ளே யார் நடித்தாலும் சரி. வெளிநாடுகளில் பழைய நட்சத்திர மதிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. டுவைன் ஜான்சன் நடித்து 2018-இல் வந்த 'ஸ்கைஸ்கிரேப்பர்' ஒரு புதுக்கதை, நடப்பது ஹாங்காங்கில். உள்நாட்டில் 6.8 கோடி டாலர். சீனாவில் மட்டும் 10 கோடிக்குப் பக்கம். மொத்தம் 30 கோடி. ஒரு முகம், ஒரு கட்டடம், ஒரு தீ. வேறு அறிமுகம் தேவைப்படவில்லை.

அப்புறம் சீனா. இந்தக் கட்டுரையில் அந்தப் பெயர் அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. வருமானத்தில் பங்கு தரும் அடிப்படையில் சீனா வருடத்துக்கு 20 வெளிநாட்டுப் படங்களை மட்டுமே உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. 2012 பிப்ரவரியில் அமெரிக்காவோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, 3டி, ஐமேக்ஸ் படங்களுக்காக இன்னும் 14 இடங்களைக் கூட்டியது. ஆக 34. அதே வருடம் ஜப்பானைத் தாண்டி உலகின் இரண்டாவது பெரிய சினிமாச் சந்தையானது. 2016-இல் அங்கே திரைகளின் எண்ணிக்கை 40,000-ஐத் தாண்டி, அமெரிக்காவை முந்தியது.

இந்த 34-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உள்நாட்டில் புதுக்கதைப் படம் ஒவ்வொரு வாரமும் புதிய எதிரியைச் சந்திக்கிறது. சீனாவில் கதவு குறுகல். ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால், பிரம்மாண்டமான வெளிநாட்டுப் படம் என்ற வகையில் போட்டிக்கு அதிகம் பேர் கிடையாது. புதிதாகக் கட்டிய 3டி திரைகளுக்குத் தீனியும் வேண்டியிருந்தது. மேலும், நாற்பது வருடமாகத் தொடரும் ஓர் அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடர்மீது அமெரிக்கர்களுக்கு இருக்கும் பால்யகால ஒட்டுதல் அங்கே யாருக்கும் கிடையாது. பழைய பெயரும் புதிய பெயரும் கிட்டத்தட்ட ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கின. பெயரில்லாத படத்துக்கு இதைவிட நல்ல மைதானம் கிடைக்காது.

காரணங்கள் போதும். இப்போது காசு.

டிக்கெட் கவுண்டரில் விழும் மொத்தப் பணம் கிராஸ். அதில் தியேட்டர்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குத் தருவதுதான் ஷேர். உள்நாட்டில் ஷேர் ஏறத்தாழ பாதி, பெரிய படங்களுக்குக் கொஞ்சம் கூட. மற்ற நாடுகளில் சராசரியாக 40 சதவீதத்தை ஒட்டி வரும். சீனாவில் 25 சதவீதம்தான். 2012 ஒப்பந்தத்துக்கு முன்பு அதைவிடவும் குறைவு. சீன நிறுவனத்தோடு சேர்ந்து கூட்டுத் தயாரிப்பாக எடுத்தால் கதை வேறு. அதனால்தான் ஒரு கட்டத்தில் ஹாலிவுட் படங்களில் திடீரென்று சீன நடிகர்களும் சீன நகரங்களும் முளைத்தார்கள்.

'பசிபிக் ரிம்' கணக்கை இந்த விகிதங்களில் போட்டுப் பார்ப்போம். இது தோராயக் கணக்குதான், ஸ்டூடியோவின் உண்மையான ஏட்டை வெளியாள் யாரும் பார்க்க முடியாது. உள்நாட்டு 10.2 கோடியில் பாதி, 5.1 கோடி. சீனாவின் 11.2 கோடியில் கால் பங்கு, 2.8 கோடி. மிச்சமுள்ள 19.7 கோடியில் 40 சதவீதம், 7.9 கோடி. கூட்டினால் 15.8 கோடி டாலர். படம் எடுக்க ஆன செலவே 19 கோடி. விளம்பரத்தை இன்னும் சேர்க்கவில்லை.

41 கோடி வசூலித்த படம், தியேட்டர் பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் எடுத்த செலவைக்கூடத் திருப்பவில்லை. சீனாவில் உள்நாட்டைவிட ஒரு கோடி அதிகம் வசூலானது என்பது தலைப்புச் செய்தி. ஆனால் அந்த 11.2 கோடி கொண்டுவந்த பணம், உள்நாட்டின் 10.2 கோடி கொண்டுவந்ததில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டும். 'பட்ஜெட்டைப் போல இரண்டரை மடங்கு வசூலித்தால் படம் தப்பித்தது' என்று தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. அதுவும் வசூல் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

தியேட்டருக்குப் பிறகு டிவி, ஸ்ட்ரீமிங், டிஸ்க், பொம்மை என்று பணம் வரும், உண்மை. ஆனால் அமெரிக்கக் கட்டண டிவி ஒப்பந்தங்களில், படத்துக்கு எவ்வளவு தருவது என்பதை உள்நாட்டு வசூலை வைத்தே நிர்ணயிப்பது நீண்டகால வழக்கம். உள்நாட்டில் சறுக்கிய படம் அந்தக் கவுண்டரிலும் குறைவாகவே வாங்கும். ஒரே அடி இரண்டு இடத்தில் விழுகிறது. டாலர் மதிப்பு ஏறினால் வெளிநாட்டு வசூல் தானாகச் சுருங்குவது இன்னொரு தலைவலி. தியேட்டரில் அதே கூட்டம், கணக்கில் குறைந்த பணம்.

இனி சதவீதத்துக்கு வருவோம். 'வசூலில் முக்கால் பங்கு வெளிநாட்டிலிருந்து' என்று எழுதினால் ஏதோ சாதனை மாதிரி ஒலிக்கும். மூன்று புதுக்கதைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

'பசிபிக் ரிம்': மொத்தம் 41.1 கோடி டாலர், வெளிநாட்டுப் பங்கு 75 சதவீதம். 2015-இல் வாச்சோவ்ஸ்கி சகோதரிகள் இயக்கிய 'ஜூபிடர் அசெண்டிங்': சுமார் 17.6 கோடி செலவு, உள்நாட்டில் 4.7 கோடி, மொத்தமே 18.4 கோடி, வெளிநாட்டுப் பங்கு 74 சதவீதம். 2009-இன் 'அவதார்': மறுவெளியீடுகளையும் சேர்த்து உள்நாட்டில் 78.5 கோடி, மொத்தம் 292 கோடி, வெளிநாட்டுப் பங்கு 73 சதவீதம்.

மூன்றிலும் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்று உலக சாதனை, ஒன்று நடுத்தரம், ஒன்று படுதோல்வி. உள்நாட்டில் படம் எவ்வளவு மோசமாகப் படுக்கிறதோ, வெளிநாட்டுச் சதவீதம் அவ்வளவு அழகாக ஏறும். உலகத்தின் மற்ற நாடுகளையெல்லாம் ஒரே கூடையில் போட்டால் கூடை கனக்கத்தான் செய்யும். 'ஜூபிடர் அசெண்டிங்' வெளிநாட்டில் 'ஜெயித்தது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சதவீதத்தை மட்டும் பார்த்தால் சொல்லிவிடலாம்.

'அவதார்' இங்கே எப்படி வந்தது என்று கேட்கலாம். பெயரில்லாத கதைக்குப் பெயர் கொடுக்க வேறு வழிகளும் உண்டு. இயக்குநரே பிராண்ட் ஆகிவிடுவது அதில் ஒன்று. 'டைட்டானிக்' எடுத்தவரின் அடுத்த படம் என்பது யாருக்கும் விளக்கத் தேவையில்லாத அறிமுகம். கிறிஸ்டோபர் நோலனின் 'இன்செப்ஷன்' 2010-இல் உள்நாட்டிலேயே 29 கோடி வசூலித்ததும் இதே வழியில்தான். கதை புதிது, ஆனால் போஸ்டரில் நம்பகமான ஒரு பெயர் இருந்தது.

நேரெதிர் உதாரணமும் இருக்கிறது. 2025-இல் வந்த ரையன் கூக்லரின் 'சின்னர்ஸ்' முழுக்கப் புதுக்கதை. 1932-இன் மிசிசிப்பி, புளூஸ் இசை, கறுப்பின மக்களின் வாழ்க்கை, நடுவே ரத்தம் குடிக்கும் பிசாசுகள். உள்நாட்டில் சுமார் 28 கோடி, உலகம் முழுக்க சுமார் 37 கோடி. அதாவது முக்கால் பங்கு உள்நாட்டில்! அமெரிக்காவின் சொந்தக் காயத்தையும் சொந்தப் பாட்டையும் வைத்து எடுத்த படம் அமெரிக்கர்களைத் தியேட்டருக்கு இழுத்தது. வெளியூருக்கென்று கதையின் ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்கிய படங்களுக்கு இது நடப்பதில்லை. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், 'எல்லா நாட்டுக்கும் புரிய வேண்டும்' என்று எழுதிய பல படங்கள் உள்நாட்டில் தோற்றதற்கு விளம்பரம் மட்டும் காரணமில்லை. அவற்றில் யாருடைய ஊரும் இல்லை.

ஆனால் வெளிநாட்டு வெற்றி என்றாலே வெடியும் புகையும்தான் என்றும் இல்லை. பிக்சாரின் 'எலிமென்டல்' 2023 ஜூனில் உள்நாட்டில் 3 கோடி டாலருக்கும் குறைவாகத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் வரலாற்றில் மிக மோசமான தொடக்கங்களில் ஒன்று. இயக்குநர் பீட்டர் சோன், கொரியாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறிக் கடை நடத்திய பெற்றோரின் மகன். கதையிலும் குடியேறிய குடும்பம், அப்பாவின் கடை, அதை ஏற்று நடத்த வேண்டிய மகள். தென்கொரியாவில் வாய்வழியே பேச்சுப் பரவி, வாரக்கணக்கில் ஓடி, 70 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். உள்நாட்டிலும் மெல்ல மெல்ல 15 கோடியைத் தாண்டி, மொத்தம் கிட்டத்தட்ட 50 கோடியில் முடிந்தது. திரையைப் பிடுங்காமல் சில வாரம் விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

சீனக் கதவு இப்போது அவ்வளவு அகலமாகத் திறப்பதில்லை. 2020-க்குப் பிறகு அங்கே உள்ளூர்ப் படங்களே பட்டியலை ஆள்கின்றன. பிரம்மாண்டத்தை அவர்களே எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில், வரிச் சண்டைக்கு நடுவே, அமெரிக்கப் படங்களின் எண்ணிக்கையை ஓரளவு குறைக்கப்போவதாகச் சீன அரசு அறிவித்தது. ரஷ்யச் சந்தையைப் பெரிய ஸ்டூடியோக்கள் 2022 மார்ச்சிலேயே விட்டு வெளியேறிவிட்டன. 2013-இல் போட்ட வெளிநாட்டுக் கணக்கை இன்று அப்படியே போட முடியாது.

'பசிபிக் ரிம்' விஷயம் பாதியில் நிற்கிறது. அதைத் தயாரித்த லெஜண்டரி நிறுவனத்தை 2016-இல் சீனாவின் வாண்டா குழுமம் 350 கோடி டாலருக்கு வாங்கியது. 2018-இல் இரண்டாம் பாகம் வந்தது. இப்போது படத்துக்குப் பெயர் இருந்தது, தெரிந்த உலகம் இருந்தது, அறிமுகம் எதுவும் தேவையில்லை. உள்நாட்டில் 6 கோடி. சீனாவில் சுமார் 10 கோடி. உலகம் முழுக்க 29 கோடி, முதல் பாகத்தைவிட 12 கோடி குறைவு. மூன்றாம் பாகம் இதுவரை வரவில்லை.